இரண்டு ஆள் கனம்

பெட்டியைப் படகில் இறக்கியபோது எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

வேண்டுமென்றே பார்க்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம். ஏரியில் ஓடும் உல்லாசப் படகுகளைச் சோதித்து, இதில் இத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அண்ணனைத் தூக்கி வந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் படகுக்குள் கால் வைத்தார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு நிமிர்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடம் குறைந்தது.

"மெதுவா, மெதுவா. தலைப்பக்கம் இப்படி வரட்டும்" என்றார் பெரியப்பா.

அது அண்ணனின் படகுதான். நீல உடம்பு, துணிக்கூரை, இரண்டு பக்கமும் நீள பெஞ்சுகள். விடுமுறை நாட்களில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும். நேற்றுக் காலை முதல் நடைக்குக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசல் வரைகூட உயிர் தங்கவில்லை. ஐம்பது வயது.

இடுகாடு அக்கரையில். அம்மாவும் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஏரியைச் சுற்றிப் போகிற சாலையில் பாலத்தை இடித்துப் போட்டு ஆறு மாதமாகிறது. அதனால் அவனை அவன் படகிலேயே கொண்டுபோவது என்று நேற்றே பேசி முடித்துவிட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

படகுத்துறையின் நுனியில், கம்பத்தில் மஞ்சள் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் ஜாக்கிரதையாகப் போகலாம். சிவப்பு என்றால் ஒரு படகையும் அவிழ்க்கக் கூடாது. மேற்கே வானம் இருண்டிருந்தது. மழை வாசனை இல்லை. காற்று மட்டும் விட்டுவிட்டு வந்தது, சாத்திய கதவை யாரோ வெளியே நின்று தள்ளிப் பார்ப்பதுபோல.

அண்ணி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறகு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். பெரியப்பா நல்ல கனத்த ஆள். படகின் நடுவில் நின்றுகொண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாங்க, வாங்க. இடம் இருக்கு. நெருங்கி உக்காருங்க. பஸ்ல போறதில்லையா?"

அவள் துறையில் நின்று எண்ணினாள். பெட்டியைச் சேர்க்காமல், ஓட்டுகிற நெட்டையோடு பதினேழு. துறையில் அவளோடு இன்னும் நான்கு பேர்.

"பெரியப்பா, இந்தப் படகுக்குப் பதினாறுதான்."

தலைகள் திரும்பின. எல்லாரும் இதற்காகவே காத்திருந்ததுபோல இருந்தது.

"ஆரம்பிச்சிட்டா அளவுகோல்" என்றார் பெரியப்பா.

அது அண்ணன் வைத்த பெயர். ஒன்பது வயதில் தன் ரொட்டித் துண்டு சின்னதாக இருக்கிறது என்று அவள் ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாளாம். வீட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"இன்னைக்கு மஞ்சள் கொடி. கால் பங்கு குறைக்கணும், பன்னெண்டு. பெட்டி ரெண்டு ஆள் கனம். நெட்டையோட சேத்துப் பத்துப் பேர்தான் போகலாம். மிச்சப் பேர் ரெண்டாவது நடையில வருவோம். நானும் அதுலதான் வர்றேன்."

"பெட்டி ரெண்டு ஆளா?"

"பெட்டியும் அண்ணனும்."

"செத்தவனையும் ஆளாச் சேக்குறியா நீ?"

"படகுக்கு அது தெரியாது பெரியப்பா. கனம்தான் தெரியும்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "உசிரோட இருந்தப்ப எட்டு ஆளைக் குறைச்சா. இப்ப அவனையே ரெண்டாக்கிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகச் சொன்னதும் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்புவரை இந்தப் படகின் பலகையில் இருபத்து நான்கு பேர் என்று இருந்தது. பழைய அதிகாரி எழுதியது. சோதனைக்கு வரவேண்டியவர் நீண்ட விடுப்பில் போனதால் அண்ணனின் படகு அவளிடம் வந்தது. மணல் மூட்டைகளை ஒரே பக்கமாக அடுக்கச் சொல்லி, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். பதினாறு என்று எழுதினாள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேற யாராச்சும் வந்து அளந்திருக்கலாம்" என்றான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

அன்றைக்கு மனசொடிந்து விழுந்த மனுஷன்தான் என்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்கள்.

பெரியப்பா விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். படகும் அவரோடு சாய்ந்தது.

"இதோ நிக்குது பாரு உன் கோடு. தண்ணிக்கு மேல நாலு விரல் தெரியுது. நீ போட்டதுதானே? ஊர்ல இருக்கிற படகுக்காரனுக்கெல்லாம் பாடம் எடுக்குறியே, ஆளை எண்ணாதே, கோட்டைப் பாருன்னு. கோடு தெரியுது. அப்புறம் என்ன?"

அவர் சொன்னது பொய் இல்லை. ஒவ்வொரு படகின் வெளிப்பக்கத்திலும் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதுவரைக்கும் தண்ணீர் ஏறலாம், அதற்கு மேல் ஏறக் கூடாது. ஆட்களை எண்ணினால் தப்பு வரும், ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, கையில் குழந்தை, தோளில் மூட்டை, கோடு தப்பாது என்று சுற்றறிக்கை எழுதியதே அவள்தான். துறைக்குத் துறை ஒட்டியிருக்கிறது.

ஆனால் கோடு தெரிந்திருக்கக் கூடாது. பதினேழு பேரும் பெட்டியும் ஏறிய பிறகு அது தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும்.

அவள் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலத் துறையின் ஓரத்தில் மண்டியிட்டாள். கட்டைவிரலை விளிம்பில் ஊன்றிச் சாண் போட்டு அளந்தாள். அன்றைக்கு விளிம்பிலிருந்து கோட்டுக்குச் சரியாக இரண்டு சாண் விட்டிருந்தாள். இப்போது ஒரு சாணும் நான்கு விரலும்தான் இருந்தது. வெள்ளை பளிச்சென்று இருந்தது. மூன்று மாதம் வெயிலும் பாசியும் பட்ட கோடு அப்படி இருக்காது. கீழே, பழைய கோடு இருந்த இடத்தை, கோட்டின் மேல் பூசிய நீலத்தோடு சேர்த்துத் தண்ணீர் மூடியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். நெட்டை இன்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பன்னிரண்டு வருடமாக அண்ணனோடு ஓட்டுகிறவன். அண்ணன் கோட்டை மேலே ஏற்றி வரைந்தபோது பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது அவனாகத்தான் இருக்கும்.

கோட்டை நகர்த்திய படகுக்கு உரிமம் ரத்து. அதில் மேல்முறையீடு கிடையாது. இரண்டு படகுகளுக்கு அவளே அப்படி எழுதியிருக்கிறாள். ஒருவன் அவள் காலில் விழுந்தான். நாளைக் காலை எழுந்தால் அண்ணிக்கு இந்தப் படகைத் தவிர எதுவும் இல்லை.

ரோந்துக்காரர் துறையில் நடந்து வந்தார். வயதானவர், இடுப்பில் விசில், கையில் அட்டையில் செருகிய ஃபார்ம். சாவு வீட்டுக்காரர்களிடம் பேசவேண்டிய தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம், சீக்கிரம் அவுத்தா நல்லது. மேற்கே பாத்தீங்களா? இன்னும் அரை மணி நேரத்துல சிவப்பு ஏத்தவேண்டி வரும்."

"ஆள் அதிகமா இருக்கு. இறக்குங்க."

அவர் குனிந்து படகின் பக்கவாட்டைப் பார்த்தார். "கோடு தெரியுதே மேடம். தெரிஞ்சா விடலாம்னு உங்க சுற்றறிக்கை. நீங்க வேற இன்னைக்கு லீவு. எதைச் சொல்லி இறக்கச் சொல்ல?"

"கேட்டுக்கோ" என்றார் பெரியப்பா. "நெட்டை, இன்ஜினைப் போடு. நீங்க நாலு பேரும் ஏறுங்கம்மா."

அவளோடு நின்றிருந்த மூன்று பேரில் ஒருவர் பலகையில் கால் வைத்தார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. துணிக்கூரை உப்பி அடங்கியது. ஒரு சின்ன அலை படகின் பக்கத்தில் ஏறி வெள்ளைக் கோட்டை நனைத்துவிட்டு இறங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் சின்ன மகள் விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டிருந்தாள். விரல் நுனி தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு சாண்கூட இல்லை.

"கோடு தப்பு" என்றாள்.

இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். "நெட்டை, நிறுத்து. அந்தக் கோடு தப்பு."

இன்ஜின் நின்றது.

ரோந்துக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். முப்பது வருடம் ஏரியில் இருந்தவர். "யாராச்சும் மாத்தியிருக்காங்களா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நெட்டை துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"யாரும் மாத்தல. நான் அன்னைக்கு அளந்ததே தப்பு. எட்டு விரல்கடை மேல போட்டுட்டேன்."

"நீங்களா?"

"நான்தான்."

அவர் ஃபார்மைப் புரட்டினார், மூடினார், மறுபடியும் திறந்தார். "அப்ப நான் எழுதணும் மேடம். எழுதினா, விசாரணை முடியறவரைக்கும் நீங்க எந்தப் படகையும் தொட முடியாது. இதுவரைக்கும் நீங்க போட்ட கோடு எல்லாத்தையும் இன்னொருத்தர் வந்து அளப்பாங்க."

"தெரியும். எழுதுங்க."

எழுதினார். அவள் அவர் முதுகில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தாள் காற்றில் படபடத்தது.

"பாத்தீங்களா" என்றார் பெரியப்பா பொதுவாக, படகு முழுவதற்கும். "தப்பா அளந்திருக்கா. அவளே சொல்றா. இந்தத் தப்பை நம்பித்தான் அவன் மூணு மாசம் வெந்து செத்தான்."

"பதினாறு சரிதான் பெரியப்பா. கோடுதான் தப்பு."

"எது சரி எது தப்புன்னு உனக்கே புரியல."

"ஆமா பெரியப்பா. இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. மற்றவர்களும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அண்ணி தலையை நிமிர்த்தினாள். காலையிலிருந்து அவள் யாரையும் பார்த்திருக்கவில்லை. முதலில் நெட்டையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு துறையில் நின்றவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு எதுவுமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா" என்றாள் பெரியப்பாவிடம். "நீங்க இறங்குங்க. அடுத்த நடையில வாங்க."

"நான் இல்லாம எப்படிம்மா?"

"இறங்குங்க மாமா."

அவர் இறங்கியபோது படகு துள்ளி மேலே வந்தது. அவருக்குப் பின்னால் ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஏறினாள். பெட்டியை நடுக்கோட்டுக்கு நகர்த்தச் சொன்னாள். அடியில் கயிற்றைக் கொடுத்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். முடிச்சுப் போடக் குனிந்தபோது அவள் நெற்றி பெட்டியின் மூடியில் இடித்தது. புது மரத்தின் வாசனை. ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு ஒவ்வொருவராக லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

நெட்டை அவளைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தான்.

படகு ஏரியின் நடுவை எட்டுவதற்குள் காற்று வந்தது. அரை மணி நேரம் என்று சொன்னது கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மேற்குக் கரை முதலில் மங்கியது. அப்புறம் தண்ணீரின் நிறம் மாறியது. ஈயம்போல ஒரு பட்டை ஏரியின் குறுக்கே படகை நோக்கி ஓடியது. ரோந்துக்காரர் கம்பத்துக்கு ஓடி மஞ்சளை இறக்கிச் சிவப்பை ஏற்றினார். ஏற்றுவதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

துறையில் இருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். அவளோடு பதினொன்று.

பட்டை படகைத் தொட்டது. துணிக்கூரை ஒரு பக்கம் பிய்ந்து கொடிபோல் ஆடியது. படகு சாய்ந்தது. ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரு கோடாகச் சரிந்தன. நீல உடம்பின் அடிப்பகுதி, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற கறுப்பு, வெளியே தெரிந்தது. அப்படிச் சாய்ந்தால் மறுபக்கத்தில் விளிம்பு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே இரண்டு விரல். மூன்று இருக்கலாம்.

"உக்காந்தே இருங்க" என்றாள். அங்கே கேட்காது.

பிறகு மழை வந்து படகை மறைத்தது.

துறையின் மரத்தூண்களில் அலை வந்து அறைந்தது, போனது, அறைந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், என்னத்தை எண்ணுகிறோம் என்று தெரியாமல். பெரியப்பா ஒரு தூணை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் உதடு அசைந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

மழைத் திரையின் அந்தப் பக்கம் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. படகு நேராக, மிக மெதுவாக, அக்கரைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. கரை தட்டும்வரை அவர்கள் நின்றபடியே இருந்தார்கள். ஒன்பது உருவங்கள் இறங்கின. பிறகு நீளமான ஒன்றை வெளியே எடுத்தார்கள்.

பெரியப்பா தூணிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் பாசி பச்சையாக ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "நாங்களும் அதுல இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

"காத்து குறையுது பெரியப்பா" என்றாள்.

மழை கிழக்கே போய்விட்டது. ஏரி உடனே அடங்கவில்லை. நெடுநேரம் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மேற்கே வானம் வெளுக்கவும் இல்லை. ரோந்துக்காரர் கையில் பிடிக்கும் காற்றுமானியை உயர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் மஞ்சளை ஏற்றினார். ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கேட்கவேண்டிய அவசியம் இனி இல்லை. ஆனாலும் கேட்டார்.

நெட்டை தனியாகப் படகைக் கொண்டுவந்து அணைத்தான். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். வாளியால் மொண்டு வெளியே ஊற்றினான். அவளும் ஒரு டப்பாவை எடுத்து மொண்டாள்.

"அக்கா" என்றான். சோதனை நாட்களில் அவன் அவளை மேடம் என்பான். "அந்தக் கோடு..."

"தண்ணிய மொள்ளு."

மொண்டான். நாலு வாளி ஊற்றிய பிறகு மறுபடியும் பேசினான். "இன்னும் இறக்கல அக்கா. குழிக்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்க. குழிக்காரங்க அவசரப்படுத்துறாங்க. அக்கா வராம இறக்கக் கூடாதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க."

அவள் டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்து முதுகை நேராக்கிக்கொண்டாள்.

துறையில் பத்துப் பேரும் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. பின் பெஞ்சிலிருந்து பேசிய குரல்காரரும் அதில் இருந்தார். அவர் ஜாக்கெட்டை ஏற்கெனவே மாட்டி, எல்லாப் பட்டையையும் போட்டிருந்தார்.

பெரியப்பா முதலில் வந்தார். பலகையில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றார்.

"எங்க உக்காரணும்?" என்று கேட்டார்.

"நடுவுல, பெரியப்பா. குறுக்குக் கட்டை இருக்கு பாருங்க, அது பக்கத்துல."

போய் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று. அவள் கடைசியாக ஏறினாள். நெட்டையோடு பன்னிரண்டு.

பெரியப்பாவின் ஜாக்கெட் மேல் பட்டையில் மட்டும் மாட்டியிருந்தது. கீழ்ப்பட்டை அவர் வயிற்றுக்கு எட்டாமல் தொங்கியது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார் போலிருக்கிறது. அவள் அவர் முன்னால் ஈரத்தில் மண்டியிட்டாள். கொக்கியைக் கழற்றி, பட்டையை முழு நீளத்துக்கும் விட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து முன்னால் கொண்டுவந்தாள். அவர் அசையாமல் இருந்தார். மூச்சைக்கூட இழுத்துப் பிடித்திருந்தார்.

"மூச்சு விடுங்க பெரியப்பா" என்றாள். "விட்டாத்தான் சரியா இறுக்க முடியும்."

அவர் விட்டார். கொக்கி மாட்டியது. பட்டைக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். அவை அங்கேயே இருந்தன. அவருடைய மூச்சு வந்து விரல்களை அழுத்தியது, விலகியது, மறுபடியும் அழுத்தியது.